வராத விமானமும் வரவேண்டிய பணமும்

2025-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் முதல் வாரத்தில் நமது தேசத்து விமான நிலையங்களில் நடந்த அலங்கோலத்தை ஜனங்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். உள்நாட்டு விமானப் பிரயாணிகளில் பாதிப்பேருக்கு மேல் ஏற்றிச்செல்லும் இண்டிகோ என்னும் கம்பெனி, 3-ஆம் தேதி முதல் 5-ஆம் தேதி வரை மூன்றே நாட்களில் 2,507 விமானங்களை ரத்து செய்தது. 1,852 விமானங்கள் தாமதமாயின. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பிரயாணிகள் வழியில் சிக்கித் தவித்தார்கள். இது புயலாலோ பூகம்பத்தாலோ நேர்ந்த விபத்தன்று. விமானமோட்டிகளுக்கு வார ஓய்வை அதிகப்படுத்தி, இரவு வேலையைக் குறைக்கும் விதிகள் 2024 ஜனவரியிலேயே வெளியாகிவிட்டன. அவற்றின் கடைசிப் பகுதி அமுலுக்கு வந்தது 2025 நவம்பர் 1-ஆம் தேதியில். இடையில் ஏறக்குறைய இரண்டு வருஷ அவகாசம் இருந்தது. அந்த அவகாசத்தில் வேண்டிய ஆட்களை அமர்த்திக்கொள்ளாத கம்பெனியின் சிக்கனத்துக்குப் பிரயாணிகள் பலியானார்கள்.

2026 ஜனவரியில் சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் அக்கம்பெனிக்கு ரூ. 22.20 கோடி அபராதம் விதித்தார். பத்திரிகைகள் இதைப் பெரிய எழுத்தில் போட்டன. நாமும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். அவதிப்பட்டவர்கள் மூன்று லட்சம் பேர் என்றே வைத்துக்கொண்டாலும், தலைக்கு விழும் தொகை ரூ. 740. அதுவும் அவதிப்பட்டவனுடைய கைக்கு வருவதில்லை; சர்க்கார் கஜானாவுக்குப் போகிறது. அபராதம் என்பது சர்க்காருக்கும் கம்பெனிக்கும் உள்ள வழக்கு. நஷ்ட ஈடு என்பது பிரயாணிக்கும் கம்பெனிக்கும் உள்ள வழக்கு. முதலாவது முடிந்துவிட்டதால் இரண்டாவதும் முடிந்ததென்று யாரும் எண்ணவேண்டாம்.

வில்லியனூரிலும் பாகூரிலும் இருந்துகொண்டு விமானத்தைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். ஏரிப் பாசனமும் நெல்லும் கரும்புமாக இருக்கும் பூமியில் ஆகாய விமானத்துக்கு என்ன வேலை என்று அவர்கள் நினைக்கலாம். அப்படி நினைப்பவர்கள் நமது கொம்யூன்களின் இன்றைய நிலையை அறியாதவர்கள். விமானப் பிரயாணம் சீமான்களின் விளையாட்டாக இருந்த காலம் போய்விட்டது. துபாய்க்கும் தோஹாவுக்கும் கூலிக்குப் போகிறவன் கப்பலிலா போகிறான்? கிருமாம்பாக்கத்திலிருந்தும் கரையாம்புத்தூரிலிருந்தும் அரியூரிலிருந்தும் கூடப்பாக்கத்திலிருந்தும் கொத்தனும் தச்சனும் எலெக்ட்ரீஷியனும் நர்ஸும் மீனம்பாக்கம் வழியாகத்தான் கடல் கடக்கிறார்கள். அவர்களுடைய டிக்கட்டுக் காசில் பெண்டாட்டியின் தாலிக்கொடியும் இருக்கும், வட்டிக்கடைச் சீட்டும் இருக்கும். ஒரு விமானம் ரத்தானால் பணக்காரனுக்குப் பொழுது கெடுகிறது. இவர்களுக்கோ வேலை கெடுகிறது. சேரவேண்டிய தேதியில் போய்ச் சேராதவனுக்குப் பதிலாக வேறொருவனை வைத்துக்கொள்ள அங்கே முதலாளிக்கு எத்தனை நேரமாகும்? தகப்பனுக்குக் கொள்ளிவைக்க ஓடிவரும் மகன் ஒருநாள் பிந்தினால், அந்த ஒருநாளை எந்தக் கம்பெனி எந்தப் பணத்தால் திருப்பித் தரும்?

திருப்பித் தரமுடியாததைப் பற்றி இங்கே பேசவில்லை. சட்டப்படி தரவேண்டியதைத்தான் கேட்கிறோம். அதையே நமது ஜனங்கள் வாங்காமல் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் நமது வருத்தம்.

முதலில் சட்டம் தருவது என்னவென்று தெரிந்துகொள்ளவேண்டும். டைரக்டர் ஜெனரல் 2010-ஆம் வருஷத்தில் வெளியிட்டுப் பின்னர் 2016 முதலான வருஷங்களில் திருத்திய விதி ஒன்று இருக்கிறது. விமானத்தை ரத்து செய்வதானால் இரண்டு வாரத்துக்கு முன்பே பிரயாணிக்குச் சொல்லிவிடவேண்டும் என்கிறது அவ்விதி. அதற்குப் பிந்தி, ஆனால் புறப்பாட்டுக்கு 24 மணி நேரத்துக்கு முன்பாவது தெரிவித்தால், வேறு விமானமோ முழுப் பணமோ தரவேண்டும். 24 மணி நேரத்துக்கு உட்பட்டுத் தெரிவித்தாலோ, தெரிவிக்காமலே விட்டாலோ, வேறு விமானம் அல்லது முழுப்பணம் தருவதோடு நஷ்ட ஈடும் தரவேண்டும். ஒரு மணி நேரம் வரை பறக்கும் பிரயாணத்துக்கு ரூ. 5,000, இரண்டு மணி வரை ரூ. 7,500, அதற்கு மேல் ரூ. 10,000 என்பது அளவு. இந்த இடத்தில் ஒரு கொக்கி உண்டு. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை இதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைந்த தொகையே கிடைக்கும். மூவாயிரம் ரூபாய் டிக்கட்டுக்காரனுக்கு ஐயாயிரம் வராது.

இருக்கைக்கு மிஞ்சி டிக்கட்டு விற்றுவிட்டு, வாசலில் வந்து நிற்கிறவனை ஏற்ற மறுத்தால் தண்டனை இன்னும் கடுமை. ஒரு மணி நேரத்துக்குள் புறப்படும் வேறு விமானத்தில் ஏற்றிவிட்டால் ஒன்றுமில்லை. 24 மணி நேரத்துக்குள் ஏற்றினால் அந்தக் கட்டணத்தைப் போல் இரு மடங்கு, ரூ. 10,000 வரையில். அதற்கும் பிந்தினால் நான்கு மடங்கு, ரூ. 20,000 வரையில். இந்த விஷயத்தில் நமக்குப் பெரிய குறையில்லை.

தாமதத்தின் கதை வேறு. இரண்டரை மணி நேரம் வரை பறக்கும் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் சாப்பாடும் சிற்றுண்டியும் தரவேண்டும். உள்நாட்டு விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகுமென்றால் வேறு விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். 24 மணிக்கு மேற்பட்டால், அல்லது இரவு 8 மணிக்கும் விடியற்காலை 3 மணிக்கும் இடையில் புறப்படவேண்டியது ஆறு மணிக்கு மேல் தாமதித்தால், ஹோட்டலில் தங்க இடம் தரவேண்டும். ஆனால் கையில் ஒரு காசு கிடையாது! ஐந்தரை மணி நேரம் ஒரு மனிதனைக் காத்திருக்கவைத்துவிட்டு, ஓர் இட்டிலிப் பொட்டலத்தோடு கணக்கை முடித்துக்கொள்ள நமது சட்டம் கம்பெனிக்கு அனுமதி அளிக்கிறது. ரத்து செய்தால் பணம் தரவேண்டும், தாமதித்தால் தரவேண்டாம் என்றால், எந்தக் கம்பெனி ரத்து என்ற வார்த்தையை வாயால் சொல்லும்? ‘இதோ வருகிறது, இன்னும் இரண்டு மணி, இன்னும் இரண்டு மணி’ என்று பலகையில் எழுதிக்கொண்டே இருந்துவிட்டால் போயிற்று.

இதைவிட மோசமான ஷரத்து ஒன்று அவ்விதியில் ஒரு மூலையில் கிடக்கிறது. டிக்கட்டு எடுக்கும்போது தொடர்பு கொள்ளப் போதுமான விவரம் தராத பிரயாணிக்கு நஷ்ட ஈடு கொடுக்க வேண்டியதில்லை என்பது அது. படிக்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். யாரென்றே தெரியாதவனுக்கு எப்படித் தகவல் சொல்வது என்று கம்பெனி கேட்கும். ஆனால் நமது பக்கத்தில் டிக்கட்டு எப்படி எடுக்கப்படுகிறது? வில்லியனூர்க் கடைவீதியிலோ கன்னியக்கோயில் சாலையோரத்திலோ கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஏஜெண்டிடம் போய்ப் பாஸ்போர்ட்டைக் கொடுக்கிறார்கள். ஏஜெண்டு பிரயாணியின் பெயரைப் பார்த்து எழுதுகிறார். தொலைபேசி எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் உரிய இடத்தில் தன்னுடையதைப் போட்டுவிடுகிறார். இதில் எல்லா ஏஜெண்டுகளுக்கும் கெட்ட எண்ணம் உண்டென்று நாம் சொல்லமாட்டோம். அவருக்கு அது சுலபம். பிரயாணிக்கோ மின்னஞ்சல் கிடையாது, இருந்தாலும் பார்க்கும் வழக்கமில்லை.

இதன் பலன் என்ன? விமானம் ரத்து என்ற செய்தி முதல்நாள் மாலை ஏஜெண்டின் தொலைபேசிக்கு வருகிறது. அவருக்கு வரும் நூறு செய்திகளில் அது ஒன்று. நமது மனிதர் இதொன்றும் அறியாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு, உறவினர் நாலு பேர் வழியனுப்ப, நடுநிசியில் காரிலோ பஸ்ஸிலோ ஏறுகிறார். பாகூரிலிருந்து மீனம்பாக்கம் என்றால் நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. திண்டிவனம் தாண்டி, மேல்மருவத்தூரில் தேநீருக்கு இறங்கி, விடிவதற்குள் விமான நிலையத்து வாசலில் நிற்கும்போதுதான் காவலாளி டிக்கட்டைப் பார்த்துவிட்டு, இது நேற்றே ரத்தாகிவிட்டதே என்கிறான். நஷ்ட ஈடு கேட்டால், ‘உரிய காலத்தில் தெரிவித்துவிட்டோம்’ என்கிறது கம்பெனி. யாருக்குத் தெரிவித்தது? ஏஜெண்டுக்கு. பணத்தையாவது திருப்பித் தா என்றால், ஏஜெண்டின் கணக்கில் போட்டுவிட்டோம் என்கிறது. ஏஜெண்டைக் கேட்டால், கம்பெனி இன்னும் போடவில்லை என்கிறார். இருவருக்கும் நடுவில் பிரயாணி பந்தாட்டப்படுகிறார். பிறகு அலைந்து அலுத்துப்போய், தலைவிதி என்று வீட்டோடு இருந்துவிடுகிறார்.

தலைவிதி அன்று. ஏஜெண்டு கம்பெனியின் பிரதிநிதியேயாவார். ஆகையால் ஏஜெண்டு மூலம் வாங்கிய டிக்கட்டின் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு கம்பெனியையே சாரும் என்று டைரக்டர் ஜெனரலின் விதி தெளிவாகச் சொல்கிறது. ஏஜெண்டு தன் பிரதிநிதி என்றால், அவர் தவறான எண்ணை எழுதியதும் கம்பெனி செய்த தவறாகத்தானே ஆகும்? பணம் வாங்கும்போது பிரதிநிதி, தகவல் சொல்லும்போது பிரயாணியின் ஆள் என்று இரண்டு வேஷம் போடமுடியாது. இந்த வாதத்தை நமது ஜனங்கள் நியாயஸ்தலத்தில் துணிந்து எடுத்துச் சொல்லவேண்டும். அதைவிடச் சுலபமானது, டிக்கட்டு எடுக்கும்போதே என் எண்ணைப் போடு என்று ஏஜெண்டின் எதிரில் உட்கார்ந்து, போட்டதைப் பார்த்துவிட்டு எழுந்திருப்பது.

டிசம்பர் கலவரத்தின்போது இண்டிகோ கம்பெனி, மிகவும் அவதிப்பட்டவர்களுக்கு விதிப்படியுள்ள நஷ்ட ஈட்டுக்கு மேல் ரூ. 10,000 மதிப்புள்ள பிரயாணச் சீட்டுத் தருவதாக அறிவித்தது. அதை ஒரு வருஷத்துக்குள் அதே கம்பெனி விமானத்தில்தான் செலவழிக்கவேண்டும். நம் ஊரில் அரைக்கக் கொடுத்த நெல்லை நொய்யாக்கிவிட்ட மில்காரன், அடுத்த போகத்துக்கு இங்கேயே வந்தால் கூலியில்லாமல் அரைத்துத் தருகிறேன் என்று சீட்டெழுதிக் கொடுத்தால் பாகூர்க் குடியானவன் வாங்கிக்கொள்வானா? விதிப்படி வரவேண்டியது பணம். அதை விட்டுவிட்டுச் சீட்டோடு திருப்தியடைந்தவர்கள் ஏமாந்தவர்களே.

ஐரோப்பாவைப் பார்ப்போம். இது நமக்கு அன்னிய விஷயமன்று. 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, உடன்படிக்கையின்படி பிரெஞ்சுப் பிரஜையாக இருக்க விரும்பியவர்கள் எழுதிக்கொடுத்தார்கள். அவர்களுடைய சந்ததியார் ஆயிரக்கணக்கில் இன்று புதுச்சேரிக்கும் பாரிசுக்குமாகப் போய்வந்துகொண்டிருக்கிறார்கள். சொல்தா வீடு என்று சொல்லப்படும் குடும்பங்களை வில்லியனூரிலும் பாகூரிலும்கூடக் காணலாம். அவர்கள் பறக்கும் வழியில் ஆட்சி செலுத்துவது 2004-ஆம் வருஷத்து 261-ஆம் நம்பர் ஐரோப்பியச் சட்டம். அது 2005 பிப்ரவரி 17 முதல் அமுலில் வந்தது. ஐரோப்பிய யூனியனிலிருந்து புறப்படும் எந்தக் கம்பெனியின் விமானத்துக்கும், வெளிநாட்டிலிருந்து அங்கே போகும் ஐரோப்பியக் கம்பெனியின் விமானத்துக்கும் அது செல்லும். தூரத்துக்குத் தக்கபடி 250, 400, 600 யூரோ என்று நஷ்ட ஈடு. 2009-இல் லக்ஸம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம், மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தவனும் ரத்தானவனுக்குச் சமமானவனே என்று தீர்த்தது. ஆகவே சென்னையிலிருந்து பாரிசுக்கு ஓர் ஐரோப்பியக் கம்பெனி விமானம் நான்கு மணி நேரத்துக்கு மேல் பிந்திச் சேர்ந்தால், தக்க காரணம் காட்ட முடியாதவரையில், ஒவ்வொரு பிரயாணிக்கும் 600 யூரோ. நம் பணத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல். பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டு வேண்டியதில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்காரனுக்கும் அதே தொகைதான். சட்டம் பார்ப்பது விமானத்தை, பிரஜையை அன்று.

ஆக, ஒரே வீட்டில் இரு சகோதரர்கள். மூத்தவர் பாரிசுக்குப் போகிறார். இளையவர் ஹைதராபாத்துக்குப் போகிறார். இருவர் விமானமும் ஒரே நாளில் ஐந்து மணி நேரம் பிந்துகின்றன. மூத்தவருக்கு ஐம்பதாயிரம் ரூபாய்; இளையவருக்கு இட்டிலிப் பொட்டலம்!

விலக்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எந்தச் சட்டத்திலும் கம்பெனியின் கைக்கு மீறிய காரணங்களுக்கு விலக்கு உண்டு. இருக்கவேண்டியதுதான். மூடுபனியில் பறந்து உயிரைவிடச் சொல்லி நாம் கேட்கமாட்டோம். ஆனால் அந்த விலக்கு எவ்வளவு அகலம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 2019 ஜூலை 17-ஆம் தேதி ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டிலிருந்து லிஸ்பனுக்குப் புறப்படவேண்டிய போர்த்துகீசிய விமானத்தின் துணை விமானமோட்டி, புறப்பாட்டுக்குச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு முன் ஹோட்டல் படுக்கையில் இறந்து கிடந்தார். மற்ற ஊழியர்கள் அதிர்ச்சியில் பறக்க மறுத்தார்கள். விமானம் ரத்தாயிற்று. இதைவிட எதிர்பாராத காரணம் வேறென்ன வேண்டும் என்று கம்பெனி வாதித்தது. ஊழியர்களுக்கு நோயும் சாவும் வரும் என்று எண்ணி மாற்று ஏற்பாடு வைத்திருப்பது கம்பெனி நடத்துகிறவனின் கடமை, ஆகையால் நஷ்ட ஈடு கொடு என்று 2023 மே 11-ஆம் தேதி அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சற்றுக் கடுமையான தீர்ப்புதான் என்று நமக்கும் தோன்றுகிறது. ஆனால் ஒரு மனிதன் திடீரென்று செத்துப்போனதே அங்கே சாக்காகாதபோது, இரண்டு வருஷம் முன்கூட்டிச் சொல்லப்பட்ட விதிக்கு ஆள் சேர்க்காதது இங்கே எப்படிச் சாக்காகும்?

நம் விதியின் விலக்குப் பட்டியலில் வெள்ளம், கலகம், உள்நாட்டு யுத்தம், சர்க்கார் உத்தரவு என்பவற்றோடு வேலைநிறுத்தமும் தொழில் தகராறும் இருக்கின்றன. தன் தொழிலாளியோடு தானே சண்டையிட்டுக்கொண்டு, அதற்குப் பிரயாணி நஷ்டப்படவேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? 1934-ஆம் வருஷத்து வெள்ளைக்காரச் சட்டத்தை மாற்றி, ‘பாரதீய வாயுயான் அதினியம்’ என்று தமிழனின் நாவில் புரளாத பெயரோடு புதுச் சட்டத்தை 2025 ஜனவரி 1 முதல் அமுலாக்கினார்கள். பெயரை மாற்றிய கையோடு பிரயாணியின் நஷ்ட ஈட்டு உரிமையையும் சட்டத்திலேயே எழுதியிருக்கலாம். அது டைரக்டர் ஜெனரலின் விதியாகவே நின்றுவிட்டது. அவர் எழுதியதை அவரே திருத்தலாம், தளர்த்தலாம்.

நமது கட்சிக்காரர்களிலேயே சிலர், இவை சுதேசிக் கம்பெனிகள், வளர்ந்துவரும் தொழில், இவற்றைக் கசக்கிப் பிழியலாகாது என்று சொல்வதைக் கேட்டிருக்கிறோம். சுதேசியின் பெயரை இப்படி உபயோகிப்பது நமக்குச் சம்மதமில்லை. 1906-இல் தூத்துக்குடியில் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைத் தரைமட்டமாக்கிப் போட்டியிட்ட காலத்திலும், ஜனங்கள் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள். ஏன்? அது தங்களுடையது என்ற நம்பிக்கையால். பங்குக்காரனுக்கு லாபம், பிரயாணிக்குப் பட்டை நாமம் என்பதற்காகவா அவர் செக்கிழுத்தார்? அன்னியனின் கம்பெனி ஏமாற்றினால் அது கொள்ளை, நம்மவன் ஏமாற்றினால் அது தேசாபிமானம் என்ற தர்க்கம் எடுபடாது. பாரிசுக்குப் போகிற ஐரோப்பியக் கம்பெனி நம்மவனுக்கு 600 யூரோ கொடுக்கக் கடமைப்பட்டும் லாபத்தோடு பிழைத்திருக்கும்போது, நமது கம்பெனிகள் மட்டும் அதில் கால்பங்கு கொடுத்தால் அஸ்தமித்துவிடுமா?

லாஸ்பேட்டை விமான நிலையத்தைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. 2013 ஜனவரியில் அங்கிருந்து பிரயாணிகள் விமானம் தொடங்கியதும், நின்றதும், 2015-இலும் 2017-இலும் மறுபடி தொடங்கியதும், 2024 மார்ச்சில் மறுபடியும் நின்றதும் எல்லோரும் அறிந்ததே. 2024 டிசம்பர் 20 முதல் இண்டிகோ பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் சிறு விமானங்களை விட்டது. வில்லியனூர்க்காரனுக்கு அரை மணி நேரத்தில் விமான நிலையம் என்பது நல்லதுதான். ஆனால் ஒற்றைக் கம்பெனியின் ஒற்றை விமானம் ரத்தானால் ‘வேறு விமானம்’ எங்கிருந்து வரும்? மீனம்பாக்கத்துக்குப் போகவேண்டியதுதான். அங்கே போகும் கார்ச் செலவு யார் தலையில்? இதை விதி சொல்லவில்லை, சொல்லவைக்கவேண்டும். இன்னொன்று: சிக்கனத்துக்காக ஹைதராபாத் வரை ஒரு டிக்கட்டும், அங்கிருந்து துபாய்க்குத் தனி டிக்கட்டும் எடுப்பவர்கள் உண்டு. முதல் விமானம் பிந்தி இரண்டாவது தவறினால், இரண்டும் ஒரே டிக்கட்டு எண்ணில் இருந்தால்தான் விதியின் பாதுகாப்பு உண்டு. இரண்டாயிரம் மிச்சம் பிடித்து இருபதாயிரம் இழந்துவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

கம்பெனி மறுத்தால் எங்கே போவது? முன்பெல்லாம் டில்லிக்கோ பம்பாய்க்கோ போய் வழக்காடவேண்டுமோ என்ற பயத்திலேயே ஜனங்கள் அடங்கிவிடுவார்கள். டில்லி நியாயஸ்தலங்களுக்கே அதிகாரம் என்று டிக்கட்டில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். 2007 டிசம்பரில் மூடுபனியால் பிந்திய டில்லி-ஹைதராபாத் விமானம் ஒன்றைப் பற்றிய வழக்கில், அந்த ஷரத்து ஹைதராபாத் நிரந்தர லோக் அதாலத்தின் அதிகாரத்தைத் தடுக்காது என்று 2011 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. குறைந்த கட்டணக் கம்பெனி என்பதால் பிரயாணிக்கு அவசிய வசதிகளை மறுக்கமுடியாது என்றும் சொல்லிற்று. அந்தப் பிரயாணிக்கு நஷ்ட ஈடு கிடைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். மூடுபனி கம்பெனியின் குற்றமன்று என்று கோர்ட்டு முடிவு செய்தது. 2021 செப்டம்பரில் ஒரு ரயில் வழக்கில், நான்கு மணி நேரம் பிந்திய ரயிலால் ஜம்முவில் விமானத்தைத் தவறவிட்டவருக்கு ரூ. 30,000 கொடுக்க வேண்டியதுதான் என்று அதே கோர்ட்டு உறுதி செய்தது. தாமதத்துக்குத் தக்க காரணத்தை ரயில்வேதான் நிரூபிக்கவேண்டும் என்பது அதில் கண்ட முக்கியமான விஷயம். காரணம் தெரிந்தவன் எவனோ அவனே நிரூபிக்கட்டும் என்பது விமானத்துக்கும் பொருந்தக்கூடிய நியாயம்.

2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலை 20 முதல், இந்தப் பயத்தையும் நீக்கிவிட்டது. புகார் செய்கிறவன் குடியிருக்கும் ஜில்லாவிலேயே வழக்குப் போடலாம். சேதராப்பட்டில் இருப்பவனும் குருவிநத்தத்தில் இருப்பவனும் புதுச்சேரியிலுள்ள மாவட்ட நுகர்வோர் கமிஷனில் மனுக் கொடுத்தால் போதும். கம்பெனி இங்கே வந்து பதில் சொல்லட்டும். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரையில் கோர்ட்டுக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். அதற்கு முன் கம்பெனிக்கு எழுத்தில் ஒரு கடிதம். பதிலில்லையானால் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் புகார். டிக்கட்டு, ரத்துச் செய்தி, அது வந்த நேரம், விமான நிலையப் பலகையின் படம், சாப்பாட்டுக்கும் காருக்கும் கொடுத்த ரசீது இவற்றைப் பத்திரப்படுத்தினால்தான் வழக்கு நிற்கும். ரசீது வாங்கும் பழக்கமில்லாத நம்மவர்கள் பாதி வழக்கை அங்கேயே தோற்றுவிடுகிறார்கள்.

வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் போகிறவர்களுக்கு 1999-ஆம் வருஷத்து மாண்ட்ரியல் உடன்படிக்கை உண்டு. இந்தியா 2009-இல் அதில் சேர்ந்தது. தாமதத்தால் உண்மையில் நேர்ந்த நஷ்டத்தைக் கணக்குக் காட்டிக் கேட்கலாம். போன ஹோட்டல் பணம், போன சம்பளம், வீணான டிக்கட்டு எல்லாம் இதில் அடங்கும். நியாயமான முயற்சிகள் அனைத்தையும் செய்தோம் என்று காட்டினாலொழியக் கம்பெனி தப்பமுடியாது. இங்கும் காலவரம்பு இரண்டு வருஷம்தான்.

1954 அக்டோபர் 18-ஆம் தேதி வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவுடன் சேர்வதென்று வாக்களித்தார்கள். இந்தியப் பிரஜையாவது மேலானது என்று தீர்மானித்த கிராமம் அது. அவர்களுடைய பேரன்மார் ஒரு விமான நிலையத்தில் ஐரோப்பியச் சட்டத்தின் பாதுகாப்பைக் கண்டு ஏக்கப்பெருமூச்சு விடும்படி டில்லி சர்க்கார் வைத்திருக்கலாமா? மூன்று மணி நேரத் தாமதத்துக்கும் பணமாக நஷ்ட ஈடு என்ற விதி வரவேண்டும். வேலைநிறுத்தமும் ஆள் பற்றாக்குறையும் விலக்குப் பட்டியலிலிருந்து நீங்கவேண்டும். பிரயாணி கேட்டால் கொடுப்பது என்பதை மாற்றி, விமானம் ரத்தான உடனே கம்பெனி தானாகவே பணம் அனுப்பும்படி செய்யவேண்டும். யார் ஏறவேண்டியவர், எவ்வளவு கொடுத்தார் என்பது கம்பெனியின் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறதல்லவா? ஐரோப்பிய விமான நிலையங்களில் பிரயாணியின் உரிமையை டிக்கட்டு மேஜையருகில் எழுதிவைக்க வேண்டுமென்று சட்டம் இருக்கிறது. மீனம்பாக்கத்திலும் லாஸ்பேட்டையிலும் அதைத் தமிழில் எழுதிவைக்கட்டும். புதுச்சேரியின் பார்லிமெண்டு அங்கத்தினர் இவற்றை டில்லியில் கேட்கக் கடமைப்பட்டவர்.

டில்லி அசையும் வரை நாம் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. 2006-இல் நடந்த தேர்தலில் வந்தவர்களின் காலம் 2011-இல் முடிந்தபின் பல வருஷங்கள் தேர்தலின்றி அதிகாரிகளின் கையில் கிடந்தவை நமது கொம்யூன் பஞ்சாயத்துகள். வரி வசூலிக்கத் தெரிந்த அந்த அலுவலகங்களுக்கு ஒரு மனு எழுதிக்கொடுக்கவும் தெரிந்திருக்கவேண்டும். வில்லியனூரிலும் பாகூரிலும் வாரத்தில் ஒருநாள் ஒரு குமாஸ்தாவை உட்காரவைத்து, கம்பெனிக்குக் கடிதமும் கமிஷனுக்கு மனுவும் தமிழில் தயாரித்துக் கொடுக்கச் செய்தால் சர்க்காருக்கு என்ன செலவாகிவிடும்? டிக்கட்டு விற்கும் ஏஜெண்டுகளைக் கூப்பிட்டு, பிரயாணியின் சொந்த எண்ணைத்தான் எழுதவேண்டும், எழுதியதைக் காட்டிக் கையெழுத்து வாங்கவேண்டும் என்று எச்சரிக்கவும் அதிகாரிகளுக்கு முடியும். கிராமங்களில் சங்கமும் வாசகசாலையும் நடத்திவரும் நமது தொண்டர்கள் அதற்காகக் காத்திருக்காமல், 2025 டிசம்பரில் விமானம் ரத்தாகி நஷ்ட ஈடு வாங்காதவர்கள் தத்தம் ஊரில் யார் யார் என்று இந்த வாரமே விசாரித்துப் பட்டியல் எடுக்கட்டும். இரண்டு வருஷக் கெடு 2027 டிசம்பர் முதல் வாரத்தோடு தீர்ந்துவிடும்.